ஏழு நாள் கவுண்ட், இருபது வருடக் கணக்கு

போன வருடம்தான் ஒரு போக்குவரத்துக் கணக்கெடுப்பை முழுசாகத் திட்டமிடும் பொறுப்பு எனக்கு முதல்முறையாக வந்தது. அதுவரை மற்றவர்கள் ரோட்டில் நின்று எடுத்துவந்த கவுண்ட் ஷீட்டுகளை, சென்னை கிண்டியில் இருக்கும் ஆபீஸில் உட்கார்ந்து எக்செலில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இந்த முறை செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு இருவழிச் சாலை. அதை நான்கு வழியாக்க வேண்டுமா, ஓரத்தை அகலப்படுத்தினால் போதுமா என்று சொல்ல வேண்டும். சமதளத்தில் இருவழிச் சாலை ஒன்று நாளைக்கு 15,000 பி.சி.யு. (எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றி எண்ணும் அலகு) வரை தாங்கும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் நெறிமுறை சொல்கிறது. இன்றைக்கு எவ்வளவு ஓடுகிறது, அந்த எல்லையை எந்த வருடம் தாண்டும் என்பதுதான் மொத்த வேலையும்.

முதலில் தேதி. ஊர்ப்புறச் சாலைகளில் தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை, அறுவடை சமயத்தில் ஒன்றும் மந்தமான காலத்தில் ஒன்றும் என்று 1972 முதல் விதி இருக்கிறது. அந்த 7 நாள் எது என்று முடிவுசெய்ய நான் அதிகம் புரட்டியது தினசரி காலண்டரைத்தான். பொங்கல், தீபாவளியை விடுங்கள், அது எல்லோருக்கும் தெரியும். வரிசையாக முகூர்த்த நாள் வந்தால் வேன்கள் கூடிவிடும். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக்குப் போகும் கூட்டம் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கும். தையில் மேல்மருவத்தூர், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை. இதோடு ஐப்பசி மழை, ஒரகடம் பக்கத்து ஆலைகளின் ஆண்டு விடுமுறை. எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சிய வாரங்களை விரல்விட்டு எண்ணலாம்.

தேதியில் இவ்வளவு கவனமாக இருந்த நான் இடத்தில் சறுக்கினேன். நிழல், நிற்க இடம், இரண்டு பக்கமும் தெளிவான பார்வை, பக்கத்தில் டீக்கடை. பகல் 11 மணிக்குப் போய்ப் பார்த்து, படம் எடுத்து, வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டேன்.

எண்ணுவது வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும். ஒவ்வொரு திசைக்கும் தனி ஷீட், 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். நாளைக்கு 96 கட்டம், வாரத்துக்கு 672. ஒவ்வொன்றிலும் பைக், ஆட்டோ, கார், குட்டி யானை, பஸ், இரண்டு அச்சு (சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில்) லாரி, மூன்று அச்சு, அதற்கு மேல் என்று தனித்தனிப் பத்தி. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு டிப்ளமோ படிக்கும் பையன்களை வைத்திருந்தோம். கேமராவும் உண்டு. ஆனால் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்து வரும் பைக்குகளை அது விட்டுவிடும், ராத்திரியில் ஹெட்லைட் அடித்தால் லாரியின் உருவமே தெரியாது. அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு கட்டத்தை வீடியோவில் நானே எண்ணி ஷீட்டோடு ஒப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு ஸ்பாட்டுக்குப் போனேன். தம்பி ஒருவன் டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். லாரி ஒன்று கடந்ததும் என்னிடம் கேட்டான்: "சார், நடு அச்சைத் தூக்கிக்கிட்டுப் போவுது. இதை எதுல போடறது?" சரக்கில்லாதபோது ஒரு அச்சைத் தூக்கிவிட்டு ஓட்டுவார்கள். அதை மூன்று அச்சு லாரி என்றே எழுதச் சொல்லிவிட்டு, காலியாகப் போனது என்று ஓரத்தில் ஒரு குறி வைக்கச் சொன்னேன். அந்த நேரத்தில், தூக்கத்தோடு, அதைக் கவனித்துக் கேட்டான் பாருங்கள், அந்த ஷீட்டை நான் முழுசாக நம்பினேன்.

டீக்கடை அக்காதான் விஷயத்தைச் சொன்னார். "எதுக்குத் தம்பி இங்க நின்னு எண்ணுறீங்க? வண்டியெல்லாம் அந்தாண்ட கிரஷர் ரோட்லயே ஏறிடுதே. ராத்திரி பூரா டிப்பர்தான்." பைக்கை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன். இரண்டு கிலோமீட்டருக்குள் மண் ரோடு ஒன்று வந்து சேர்கிறது. அங்கே கால் மணி நேரம் நின்றேன். தார்ப்பாய் போட்ட டிப்பர்கள் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்னைப் பக்கம் திரும்பின. எங்கள் ஷீட்டில் அந்தப் பத்தி கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. வயிற்றைப் பிசைந்தது.

டிப்பர் விட்டுப்போவது வெறும் எண்ணிக்கைப் பிழை இல்லை. சாலையின் தடிமனைக் கணக்கிடும்போது பைக்கும் காரும் பொருட்டே இல்லை, லாரியின் அச்சுதான் எல்லாம். 8.16 டன் சுமக்கும் ஒற்றை அச்சு ஒரு முறை போனால் சாலைக்கு ஆகும் சேதத்தை ஒன்று என்று வைக்கிறோம். சுமை கூடக்கூடச் சேதம் சுமார் நான்காம் அடுக்கில் ஏறும். 10.2 டன் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. 2018-ல் சட்ட வரம்பு 11.5 டன்னாக உயர்ந்தது, அதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. அதிலும் இந்த டிப்பர்கள் சென்னைக்குப் போகும்போது முழுச் சுமை, திரும்பும்போது காலி. ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்து கிடக்கும் சாலைகளைப் பார்த்திருப்பீர்கள், காரணம் பெரும்பாலும் இதுதான். அதனால்தான் அச்சுச் சுமையைத் திசைவாரியாக எடைபோட்டு, அதிகமான பக்கத்தை வைத்து வடிவமைக்கிறோம்.

காலை ஆறு மணிக்கே எங்கள் டீம் லீடருக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த மூணு நாளைத் தூக்கிப் போடாத. அது தெற்குப் பாதிக்குச் சரியான கணக்கு. அங்க ஏழு நாளையும் முடி. ரோட்டை ரெண்டு செக்ஷனா பிரி, கிரஷர் ரோட்டுக்கு வடக்க இன்னொரு கவுண்ட் போடு" என்றார். வண்டி ஏறி இறங்கும் பெரிய இணைப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சாலையைப் பிரிக்க வேண்டும் என்று நானும் படித்திருந்தேன். பகலில் அந்த மண் ரோடு எனக்கு இணைப்பாகவே தெரியவில்லை.

அடுத்தது, ஒரு வாரத்தை வருடமாக்கும் வேலை. அதற்குப் பக்கத்து பெட்ரோல் பங்குகளில் 12 மாத விற்பனைக் கணக்கு கேட்டு அலைந்தேன். எண்ணிய மாதத்து டீசல் விற்பனை வருட சராசரியைவிடக் கூடுதலா குறைவா என்று பார்த்துத்தான் கவுண்ட்டைத் திருத்துவோம். வரி ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு பங்கில் உள்ளேயே விடவில்லை. கடிதத்தைக் காட்டி, மூன்றாம் முறை போனபோதுதான் கிடைத்தது.

கடைசியில் போக்குவரத்தின் வளர்ச்சி விகிதம். ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் இருபது வருடத்தில் 2.65 மடங்கு. 7.5 என்றால் 4.25 மடங்கு. இந்த இரண்டரைப் புள்ளிக்குள் ஒரு மேம்பாலமும் பல பேருடைய நிலமும் இருக்கிறது. மாநிலப் பொருளாதாரம் ஒரு சதவீதம் வளர்ந்தால் லாரி எவ்வளவு வளர்கிறது, கார் எவ்வளவு என்று பழைய வாகனப் பதிவுகளை வைத்து எடுக்க வேண்டும். 2020, 21-ஐ அப்படியே சேர்த்தால் கோடு கோணலாகிவிடும். அந்த இரண்டு வருடத்தைச் சேர்த்தும் விலக்கியும் போட்டு, இரண்டையும் அறிக்கையில் வைத்தேன். எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை வரும் சுமார் 133 கிலோமீட்டர் புறவட்டச் சாலை முழுசாகத் திறந்தால் துறைமுகத்து டிரெய்லர்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்குத் தனியாக ஒரு கணக்கு. ஒரே எண்ணாகக் கொடுங்கள் என்று கேட்டார்கள். குறைவு, நடு, அதிகம் என்று மூன்றாகவே கொடுத்தேன், அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

வடக்கு கவுண்ட்டில் டிப்பர் பத்தி நிரம்பிவிட்டது. இரண்டாவது சுற்று இந்த மாசியில் வருகிறது, வேறொரு சாலையும் சேர்ந்திருக்கிறது. அங்கே இடம் பார்க்க ராத்திரி ஒரு மணிக்குத்தான் போகப்போகிறேன்.