மெட்ராஸ் பதிவேட்டிலிருந்து மூன்றாம் எட்வர்டு வரை

என் தாய்வழி முன்னோரில் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். அவருடைய வம்சத்தைப் பின்தொடர்ந்து போனால் 1327 முதல் 1377 வரை இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் எட்வர்டு மன்னரிடம் போய் நிற்போம் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. போய் நின்றுவிட்டோம், ஆனால் வழியில் பட்ட பாட்டில் பாதி, படவே தேவையில்லாத பாடு.

முதல் அலைக்கழிப்பு நம் ஊரிலேயே நடந்தது. அதிகாரியின் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்த தேவாலயத்தில் கேட்டால், பழைய பதிவேடுகள் திருமண்டல அலுவலகத்துக்குப் போய்விட்டன என்றார்கள். அலுவலகத்தில் கேட்டால், தேவாலயத்திலிருந்து ஒரு தாள்கூட வரவில்லை என்றார்கள். இருவருக்கும் நடுவில் நடந்து செருப்புத் தேய்ந்த பிறகுதான், கம்பெனிக் காலத்துப் பாதிரியார்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள் என்பதையும், அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த துறை) ஆவணங்களில் இருக்கின்றன என்பதையும் ஒரு நண்பர் சொன்னார். மெட்ராஸுக்கு உரிய வரிசை என்/2. அதில் பெரும்பகுதியை ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் கட்டணம் செலுத்திப் படமாகவே பார்க்கலாம். அதற்கு முன், பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களை ஆராயும் ஃபிபிஸ் அமைப்பின் இலவச அட்டவணையில் பெயரைத் தேடிவிடுங்கள். நான் தேடிய பதிவில் தகப்பனின் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. தாயைப் பற்றி ‘சுதேசிப் பெண்’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அடுத்த கட்டம் எளிது. 1789 முதல் 1860 வரை கம்பெனிப் படையில் சேர்ந்த இளைஞர்களின் விண்ணப்பக் கட்டுகளில் அவர்களுடைய ஞானஸ்நானச் சான்றும் இருக்கும். அதில் யார்க்‌ஷயர் கிராமத்தின் பெயர் கிடைத்தது. அவருடைய தகப்பன் ஒரு பாதிரியார், கேம்பிரிட்ஜில் படித்தவர் என்பதால் பழைய மாணவர் பட்டியல் இன்னொரு தலைமுறையைத் தந்தது.

பிறகு வந்தது இங்கிலாந்தின் வட்டார ஆவணக் காப்பகம். உறுப்பினர் அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அட்டைக்குப் பெயர், முகவரி, கையொப்பம் மூன்றுக்கும் சான்று வேண்டும். ஆதார் அட்டையில் கையொப்பம் இல்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்த முகவரியைக் காட்டினேன். அங்கிருந்த எழுத்தர், பாஸ்போர்ட்டை முகவரிச் சான்றாக ஏற்பதில்லை என்று அந்தப் பக்கத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார். மின்கட்டண ரசீது அப்பாவின் பெயரில் இருந்தது. வங்கிக் கணக்கு அறிக்கையை அச்சிட்டுக் கொண்டுவந்து அட்டை வாங்குவதற்குள் அன்றைய ஆவணக் கோரிக்கை நேரம் முடிந்துவிட்டது. மறுபடி போனபோது மூலப் பதிவேட்டைத் தரமுடியாது, மைக்ரோஃபிஷில்தான் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படம்பிடித்த பிலிம் தகடு) பார்க்கவேண்டும் என்றார்கள். இதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோஃபிஷ் மட்டும்தான் காட்டுவார்கள் என்றால், அதன் நகல் வேறு நூலகத்திலோ இணையத்திலோ இருக்கக்கூடும், பயணமே மிச்சமாகும்.

எனினும் அந்த மங்கலான திரையில்தான் எனக்கு வெற்றி கிடைத்தது. இணையத்தில் பலர் போட்டு வைத்திருக்கும் வம்சாவளிகள் எங்கள் கிளையை வெட்டிவிட்டிருந்தன. பெற்றோரின் திருமணம் 1701 மே மாதம், பிள்ளையின் ஞானஸ்நானம் 1701 பிப்ரவரி. ஆகவே இவன் இவர்கள் பிள்ளை அல்லன் என்பது அவர்கள் வாதம். இங்கிலாந்தில் 1752-க்கு முன்பு புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. பதிவேட்டில் மே மாதத்துத் திருமணத்துக்குச் சில பக்கங்கள் தள்ளித்தான் அந்தப் பிப்ரவரி வருகிறது; இன்றைய கணக்கில் அது 1702. திருமணமாகி ஒன்பது மாதம். ஒருவர் தவறாகப் போட்டதை மற்றவர்கள் அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். எத்தனை பேர் ஒன்றையே சொல்கிறார்கள் என்பதைப் பார்க்காதீர்கள். எந்த ஆவணத்தைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

அதற்கு மேல் மன்னர் வரை பிரபுக்களின் பாதை. குடும்பங்களின் வம்சத்தையும் சின்னங்களையும் சரிபார்க்கும் அரச அதிகாரியான வில்லியம் டக்டேல் 1665-66-இல் யார்க்‌ஷயரில் குடும்பம் குடும்பமாக விசாரித்துப் பதிந்த வம்சாவளிகளில் எங்கள் கிளை இருந்தது. அது கிளிஃபர்டு பிரபுக்களைத் தொட்டது. ஏழாம் கிளிஃபர்டு பிரபுவின் மனைவி எலிசபெத் பெர்சி, 1403-இல் ஷ்ரூஸ்பரி போரில் மாண்ட ‘ஹாட்ஸ்பர்’ பெர்சியின் மகள். ஹாட்ஸ்பரின் மனைவி, மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலுடைய பேத்தி.

உறவினர்கள் இதைக் கேட்டுப் பூரித்துப்போனார்கள். இதில் பூரிக்க என்ன இருக்கிறது? இருபது தலைமுறை பின்னால் போனால் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட முன்னோர் இடங்கள் உண்டு. லண்டன் நடிகர் டேனி டயர் இதே மன்னரின் வம்சம் என்று 2016-இல் பிபிசி தொலைக்காட்சியே காட்டியது. இங்கிலாந்து வேர் உள்ளவர்களில் இந்த மன்னரின் வழி வராதவர்களைத்தான் தேடவேண்டியிருக்கும். தாளில் நிரூபிக்க முடிந்தவர்கள்தான் குறைவு.

எனக்கு அதைவிட மகிழ்ச்சி தந்தது அதிகாரியின் உயில். மெட்ராஸ் உயில்களின் நகல்களும் அதே இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உண்டு. ஆனால் 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியல் முடங்கியிருந்தபடியால் நகலுக்கு நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. மகளின் தாய்க்கு மாதந்தோறும் இத்தனை வராகன் தரவேண்டும் என்று எழுதி, ஞானஸ்நானப் பதிவில் விடுபட்ட அவருடைய பெயரையும் அதில் குறித்திருக்கிறார். எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய அந்தத் தமிழ்ப் பெயரை இரண்டு விதமாகப் படிக்கலாம். அந்தப் படைப்பிரிவு அப்போது எந்தெந்த ஊர்களில் தங்கியிருந்தது என்பது தெரிந்தால் அவருடைய ஊரை ஓரளவு ஊகிக்கலாம் என்பதால், இப்போது அந்தப் படைப்பிரிவின் ஆவணக் கட்டுகளுக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறேன்.