உளுந்துக்கு ரைசோபியம்: பொட்டலம் எங்கே சாகிறது?

பர்மாவில் பெகுவிலும் ஐராவதி வட்டாரத்திலும் நெல் அறுத்த ஈரத்திலேயே, நவம்பரில், உளுந்து போடுவோம். பர்மியர் மத்பே என்பது இதைத்தான். விதையோடு கலக்கப் பொட்டலத்தில் பொடியாக வரும் ரைசோபியம் ஒரு பாக்டீரியா: பயறுச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கி, அதற்குள் இருந்து காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்குப் பிடித்துத் தரும். "ரைசோபியம் கலந்தும் ஒரு வித்தியாசமும் இல்லை" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் விதை மண்ணுக்குள் போவதற்கு முன்பே அந்த நுண்ணுயிர் செத்திருக்கும்.

முதலில் பொட்டலத்தில் என்ன பயிர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை எல்லாம் ஒரு கூட்டம், அவற்றுக்கு ஒரே வகை உதவும். கொண்டைக்கடலைக்கு வேறு, சோயாவுக்கு வேறு. கொண்டைக்கடலைப் பொட்டலத்தை உளுந்தில் கலந்தால் முடிச்சு வராது, காசுதான் போகும். தேதியையும் பாருங்கள். கடைக்காரர் ஜன்னலோரம் வெயிலில் அடுக்கி வைத்திருந்தால் தேதி சரியாக இருந்தும் பயனில்லை. 40 டிகிரி சூட்டில் இவை வேகமாகச் சாகும். மின்சாரம் நிற்கும் ஊரில் குளிர்பெட்டியை நம்ப வேண்டாம். நிழலில் ஈர மணலுக்குள் ஒரு மண்பானையைப் புதைத்து, பொட்டலத்தைப் பிரிக்காமல் உள்ளே வைத்து மூடினால் போதும்.

10 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று. ஒட்டுவதற்கு ஆறிய சோற்றுக்கஞ்சி 300 முதல் 400 மில்லி. வெல்லக்கரைசலும் ஆகும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வெல்லம், காய்ச்சி நன்றாக ஆறவைத்தது. சூடாக ஊற்றுவதுதான் வழக்கமான தப்பு. குளோரின் வாடை அடிக்கும் குழாய்த்தண்ணீரும் வேண்டாம். கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதைமேல் தெளித்து, உள்ளங்கையால் மெதுவாகப் புரட்டுங்கள். விதை கறுப்பாய் மினுங்கினால் போதும், சொட்டக்கூடாது. அதிகம் நனைந்தால் தோல் உரிந்து முளைப்பு கெடும். சாக்கில் பரப்பி நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். பூஞ்சாண மருந்து போடுவதாக இருந்தால் அதை முதல் நாளே போட்டு, 24 மணி நேரம் கழித்து இதைக் கலக்க வேண்டும்.

மண் புளிப்பாக இருந்தால், அதாவது பிஎச் 5.5க்குக் கீழே போனால், முடிச்சு குறையும். அதற்காக விதைமேல் சுண்ணாம்புத்தூள் பூசுவது உண்டு. ஆனால் அது மெல்லிய சுண்ணாம்புக்கல் தூளாக இருக்கவேண்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வீட்டில் கிடைக்கிறதே என்று அதைப் பூசினால் அதன் காரமே பாக்டீரியாவைக் கொன்றுவிடும். சூப்பர் பாஸ்பேட்டை விதையோடு ஒரே பெட்டியில் கலப்பதும் அப்படித்தான், அது அமிலம். உரத்தை முன்னாடியே மண்ணில் தனியாகப் போட்டுவிடுங்கள்.

நம் பக்கம் விதையைத் தூவிவிட்டு மூடாமலே விடுவோம். இங்கேதான் பாதி உழைப்பு வீணாகிறது, மண்ணின் மேல் கிடக்கும் பாக்டீரியாவுக்கு வெயில் எமன். சாயங்காலம் தூவி, உடனே பரம்பு (மண்ணைச் சமன்செய்யும் பலகை) ஓட்டி மூடுங்கள். வயலில் தண்ணீர் தேங்கினாலும் முடிச்சுக்குக் காற்று கிடைக்காது. பயிர் மஞ்சளாய்த் தெரிகிறதென்று யூரியாவை அள்ளி வீசாதீர்கள். தழைச்சத்து சும்மா கிடைத்தால் செடி முடிச்சு வளர்க்க மெனக்கெடாது.

பலன் உண்டா என்று அறிய, வயலின் ஓரத்தில் பத்தடி அகலத்துக்குக் கலக்காத விதையைப் போடுங்கள். அதை முதலில் விதையுங்கள், இல்லாவிட்டால் கையிலும் கூடையிலும் ஒட்டிய பாக்டீரியா அங்கேயும் போய்விடும். பல வருஷம் உளுந்தே போட்ட நிலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம், அங்கே பழைய கூட்டம் ஏற்கெனவே குடியிருக்கும். புதிதாய்ப் பயறு ஏறும் நிலத்தில்தான் பொட்டலத்துக்கு மதிப்பு.

25 முதல் 30 நாளில் மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரைத் தண்ணீரில் அலசி முடிச்சை நகத்தால் பிளந்தால், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கவேண்டும். வெள்ளையோ பச்சையோ என்றால் வேலை செய்யவில்லை. ஆணிவேரின் மேற்பகுதியில் கொத்தாக இருந்தால் விதையோடு போனது பிடித்திருக்கிறது. பக்கவேர்களில் மட்டும் சிதறியிருந்தால் அநேகமாக மண்ணில் இருந்ததுதான். விரலால் தட்டியும் உதிராமல், வேரே வீங்கினாற்போல் இருந்தால் அது முடிச்சல்ல, வேருக்குள் புகும் நுண்ணிய நூற்புழு உண்டாக்கிய வீக்கம். காய் முற்றும்போது தோண்டிப் பார்த்து ஏமாறாதீர்கள்: அப்போது நல்ல முடிச்சும் சுருங்கிப் பழுப்பாகத்தான் கிடக்கும்.