போல்ட்டுல புது பெயின்ட்டு

மணலி பக்கம் ஒரு சிஎஃப்எஸ்ல, அதாவது ஹார்பர் சரக்கு கன்டெய்னருங்கள வெச்சு ஏத்தி எறக்குற யார்டுல, கேட்ல பதினோரு வருஷம் வேலை பாத்தேன். பொட்டி (கன்டெய்னர்) நம்பரையும் சீல் நம்பரையும் பேப்பரோட ஒத்துப் பாத்து, சுத்தி வந்து டேமேஜ் இருந்தா எழுதி உள்ள விடணும், அவ்ளோதான் வேலை.

ஒருநாள் ராத்திரி ஒரு இருபதடி பொட்டி வந்துச்சு, பேப்பர்ல டைல்ஸ், சீல் பக்கா, ஆனா கதவு ஹேண்டில் போல்ட்டு மட்டும் புது பெயின்ட்டு, விரல வெச்சா லேசா ஒட்டுது. இன்னாண்ணே இதுன்னு டிரைவர கேட்டேன், துருப்புடிச்சுது தம்பி, மாத்துனோம்னாரு. பின்னாடி ட்ரெய்லருங்க லைன் கட்டி நின்னு ஹார்ன் அடிக்குறானுங்க, விட்டுட்டேன்.

மறுநாள் அதிகாரிங்க வந்து தொறந்தா முன்னாடி ரெண்டு வரிசைதான் டைல்ஸ், மீதி செம்மரம். கடத்துறவங்க சீல தொடவே மாட்டாங்களாம், போல்ட்ட அறுத்து கதவ தொறந்து லோட மாத்திட்டு புது போல்ட்டு போட்டு பெயின்ட் அடிச்சிடுவாங்களாம். எறக்கும்போது நானும் ஒரு கை குடுத்தேன். கட்டை என் இடுப்பு ஒசரம்தான், ரெண்டு பேர் புடிச்சும் முக்குனோம், தண்ணில போட்டா முங்குற மரமாச்சே. பட்டையெல்லாம் செதுக்கி எடுத்துட்டு உள்ள இருக்குற செவப்பு வைரக்கட்டை மட்டும் வந்திருந்துச்சு. சந்தனம் மாதிரி மணக்கும்னு மூக்க வெச்சேன், ஒண்ணுமில்ல, சட்டைல செவப்புத் தூள் ஒட்டுனதுதான் மிச்சம். எனக்கு மெமோ, ஒரு வாரச் சம்பளமும் புடிச்சாங்க.

அந்தக் கடுப்புலதான் இந்த மரத்த பத்தி படிச்சேன். உலகத்துலயே கடப்பா, சித்தூர், நெல்லூர் சுத்தியிருக்குற மலைங்கள்லதான் பெருசா தானா வளருது, வைரம் பாயவே பல வருஷம் ஆகும். 1995லேர்ந்து சைட்டிஸ் லிஸ்ட்ல இருக்கு, அழியுற உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்குறத கட்டுப்படுத்துற ஒப்பந்தம் அது. எந்த உயிரினம் எவ்ளோ ஆபத்துல இருக்குன்னு ஐயுசிஎன்னு ஒரு உலக அமைப்பு போடுற சிவப்புப் பட்டியல்ல, அழியுற நிலைல இருந்தத 2018ல ஆபத்துக்குக் கிட்டதான் இருக்குன்னு எறக்கி, 2021ல திரும்பவும் அழியுற நிலைக்கே கொண்டு போய்ட்டாங்க, எங்க ஆபீஸ்ல சூப்பர்வைசர் போஸ்ட்ட குடுத்து புடுங்குவாங்களே அந்த மாதிரி. 2015 ஏப்ரல்ல சேஷாசலம் காட்டுல, செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு ஆந்திரா போலீஸ் சுட்டு 20 பேர் செத்தாங்கல்ல, அவங்க திருவண்ணாமலை, தர்மபுரி பக்கத்துலேர்ந்து போன ஆளுங்க. பொட்டிய புக் பண்ணவன் எவனும் அந்தக் காட்டுல இல்ல.

போன வருஷம் மாதவரத்துல பஸ் ஏறி குடும்பத்தோட திருப்பதி போனோம். மலை ஏறுற வழில ஒரு மரம், பட்டை கட்டம் கட்டமா வெடிச்சு முதலைத் தோல் மாதிரி, எனக்கு அடையாளமே தெரியல. பூ விக்குற அம்மாதான் "எர்ர சந்தனம்"னாங்க, தெலுங்குல செம்மரம். என் பையன் அத தட்டிப் பாத்துட்டு, இதுக்காப்பா உனக்கு மெமோ குடுத்தாங்கன்னு கேக்குறான்.