ஆடி மழையில் நசியம்

ஜூலை 18

வாளையாறு தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. குன்னூர் மூடுபனிக்குப் பயந்து கீழே இறங்கினால், இங்கே ஆயுர்வேத வைத்தியசாலையில் அறைச் சுவரே வியர்த்துக் கிடக்கிறது. படுக்கும் முன் தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தேன். வாசனை ஒன்றுமில்லை.

ஜூலை 19

டாக்டரம்மா மூக்கைப் பார்க்கவில்லை, நாக்கை நீட்டச் சொன்னார். வெள்ளையாகப் படிந்திருக்கிறதாம். செரிமானத்தைச் சரிசெய்யாமல் நசியம், அதாவது மூக்கில் எண்ணெய் விடுவது, கிடையாது என்றார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். உள்ளே சதை வளர்ந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாராம். அப்படிச் சொன்னதால்தான் நம்பிக்கை வந்தது.

தசமூலகடுத்ரயம் கஷாயம் 15 மில்லி, வெந்நீர் 60 மில்லி. காலை ஆறு, மாலை ஆறு, வெறும் வயிற்றில். அதில் பத்து வேர், சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதோடை. கசப்பும் காரமும் நாக்கில் பளிச்சென்று தெரிந்தன. என்னை வதைப்பதும் அதுதான். டீயைச் சுவைத்து விலை சொல்வது என் வேலை. அதன் துவர்ப்பை, அது கன்னத்தைப் பிடிக்கிற விதத்தை இப்போதும் சொல்லிவிடுவேன். உறிஞ்சியதும் தொண்டைக்குப் பின்னாலிருந்து ஏறி மூக்கில் விரியுமே, அது வருவதில்லை. அது வராமல் சொல்கிற விலை வெறும் ஊகம். மூன்று மாதமாக ஊகத்தைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் ஒரு ரூபாய் குறைத்து எழுதினால் அது கடைசியில் யாரோ அரை ஏக்கர் வைத்திருப்பவரின் பச்சை இலை விலையில் போய் விழும். ராத்திரி தூக்கம் கலைவதற்குச் சளி மட்டும் காரணமில்லை.

ஜூலை 20

தயிர் கிடையாது. வாழைப்பழம் கிடையாது. பகல் தூக்கம் கிடையாது. சுக்குக் கஞ்சி, பாசிப்பயறு.

இரவில் தயிர் கூடாது என்று ஆயுர்வேத நூல் எழுதிய சரகரே சொல்லியிருக்கிறார் என்றார். நினைவு தெரிந்த நாளாக ராத்திரி தயிர்சாதம் இல்லாமல் நான் படுத்ததில்லை. அம்மா இருந்தவரை அவள் கையால், அப்புறம் இவள் கையால். மோர்கூடவா இல்லை என்று போனில் இவள் கேட்டாள். கேட்டுச் சொன்னேன்: வெண்ணெய் எடுத்த மோரில் சுக்கு தட்டிப்போட்டு மத்தியானம் குடிக்கலாம், தயிர் அடைக்கும், மோர் அடைக்காது. "அப்ப இத்தனை வருஷம் நான்தான் உங்களுக்குச் சளி கட்ட வச்சேனாங்க?" என்றாள். குரல் கம்மியிருந்தது. இல்லை என்று நாலு தடவை சொன்னேன். நாளைக்கும் சொல்ல வேண்டும்.

ஜூலை 21, விடியற்காலை மூன்று மணி

இரண்டு பக்கமும் அடைப்பு. பையில் சொட்டு மருந்து இருக்கிறது. ஐந்து நாளுக்கு மேல் போடாதே என்று காது மூக்கு தொண்டை டாக்டர் எச்சரித்தும் நான்கு மாதம் போட்டவன் நான். விட்ட இரண்டு சொட்டு தேய்ந்ததும் அடைப்பு முன்னைவிட இறுகி வரும், அதற்காக மறுபடி இரண்டு சொட்டு. இங்கே வந்த அன்றே விடச் சொல்லிவிட்டார்கள். எழுதிக்கொண்டிருந்தால் எடுக்க மாட்டேன் என்றுதான் எழுதுகிறேன். வாயால் மூச்சு. தொண்டை வறண்டு, செருமினால் கயிறு மாதிரி வருகிறது.

ஜூலை 21, இரவு

எடுக்கவில்லை.

ஜூலை 22

நாக்கு சுத்தமாகிவிட்டது. நசியம் தொடங்கலாம், ஆனால் வெயில் வேண்டும். மழைக்காலத்தில் வெயில் தெரிகிற நேரத்தில்தான் செய்யலாம் என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலில், சூத்திரஸ்தானம் 20ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் வரவில்லை.

ஜூலை 23

மழை.

ஜூலை 24

பத்தரைக்கு மேகம் விலகியது. ஓடி வந்து கூப்பிட்டார்கள்.

முகம், நெற்றி, கழுத்தில் எண்ணெய் தேய்த்து, கண்ணை மூடிக் கட்டி ஆவி பிடித்தார்கள். தலையணையைத் தோளுக்குக் கீழே தள்ளி, தலை பின்னால் சரியும்படி படுக்கவைத்தார்கள். அணு தைலம், பொறுக்கும் சூட்டில், ஒரு துவாரத்தைப் பொத்தி மறுதுவாரத்தில் ஆறு சொட்டு. எட்டு, பத்து வரை போகுமாம். ஒரு சொட்டு எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது: ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை எண்ணெயில் முக்கி எடுத்தால் சொட்டுவது ஒரு சொட்டு. எத்தனை பேர் மூக்கைப் பார்த்துவிட்டு இதை எழுதியிருப்பார்கள்! எண்ணெயையும் பத்து முறை காய்ச்சுகிறார்கள், பத்தாவது முறை ஆட்டுப்பால் சேர்த்து.

உள்ளே போனதும் நெற்றிப்பொட்டு வரை எரிந்தது. அதற்குள் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தேய்த்துவிட்டார்கள். விழுங்காதே, இரண்டு பக்கமும் மாறி மாறித் துப்பு என்றார்கள். துப்பத் துப்ப வந்துகொண்டே இருந்தது. அப்புறம் வெந்நீர்க் கொப்பளிப்பு, மஞ்சள் திரிப் புகை. உச்சியில் ராஸ்னாதிப் பொடியைச் சூடு பறக்கத் தேய்த்தார்கள்.

மாலையில் பொட்டலம். ஒன்றுமில்லை. ஆனால் இரவு பத்து மணியிலிருந்து மூக்கால் மூச்சு விடுகிறேன்.

ஜூலை 25

இரண்டாவது நசியம். பச்சைக் கோழை குறைந்து, வெளுத்து நீர்த்து வருகிறது. செருமாமல் ஒரு முழுப் பேச்சு பேசினேன், இவளோடு. அவள்தான் கவனித்துச் சொன்னாள்.

ஜூலை 26

மழை. ஆபீசிலிருந்து போன். 31ஆம் தேதிக்கு மேல் லீவு இல்லை.

ஜூலை 27

காலையில் கண் விழித்ததும் ஏதோ ஒரு வாடை. துணியை முகர்ந்தேன், தலையணையை முகர்ந்தேன். சுவர். பூஞ்சை படிந்த ஈரச் சுவர். அதில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்த பையன் பயந்துவிட்டான்.

உடனே பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு முறை லேசாக, ஒரு முறை ஆழமாக, வேலையில் செய்வதுபோலவே. ஏதோ இருந்த மாதிரி. அது தேயிலைதானா, இருபது வருஷமாக மூளையில் இருக்கிற தேயிலையா என்று தெரியவில்லை. தெரியாததை எழுதிக் கொடுக்க இனி கை வராது. வெயில் இல்லாததால் இன்றும் நசியம் இல்லை.

ஜூலை 28

சுவர் வாடைகூட இல்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன். வரும், போகும், ஏழு நாள் நசியம் முடியாமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். ஆகியிருப்பது இரண்டு. இருப்பது மூன்று நாள்.

லீவை நீட்டிக் கேட்டு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் முதல்முறையாக உள்ளதை எழுதினேன்: மணம் தெரியவில்லை.

ஜூலை 29

எட்டரை மணி. தென்னை ஓலையில் மினுக்கம். பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. கூப்பிடுகிறார்கள்