பாத எரிச்சலும் மைக்ரோ ஆர்என்ஏவும்

இரவில் மெல்லிய போர்வை பாதத்தில் பட்டாலே அம்மா காலை உதறிக்கொள்வார். அதே பாதத்தை மருத்துவர் நைலான் இழையால் தொட்டுப் பார்த்தபோது, கண்களை மூடியிருந்த அம்மாவுக்குத் தொட்டதே தெரியவில்லை. உணர்வு மங்கிய காலில் எரிச்சல் மட்டும் எப்படித் தங்குகிறது என்ற கேள்விதான் நீரிழிவு நரம்புப் பாதிப்பைப் பற்றி என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

உடலின் மிக நீளமான நரம்புகளே முதலில் அடிபடுவதால் இந்நோய் கால்விரல்களில் தொடங்கி மேலேறுகிறது. சில இழைகள் தொடு உணர்வை இழக்க, எஞ்சியிருக்கும் வலி இழைகள் தூண்டுதல் ஏதுமின்றியே மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இதில் அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. நெடுங்காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை புரதங்களோடு ஒட்டி உருவாக்கும் பொருள்கள் செல்களின் ஏற்பிகளைத் தூண்ட, என்எஃப்-கப்பா பி என்னும் புரதம் உட்கருவுக்குள் சென்று அழற்சி மரபணுக்களை இயக்கிவிடுகிறது. அதனால் சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள், முதுகுத்தண்டின் அருகிலுள்ள நரம்பு முடிச்சுகளில் இருக்கும் வலி செல்களைச் சிறு தூண்டலுக்கும் துடிக்கச் செய்கின்றன. அழற்சி என்றதும் சாதாரண வலி மாத்திரை போதுமே என்றுதான் நானும் நினைத்தேன். அவை தடுப்பது புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேறொரு அழற்சிப் பொருளின் உற்பத்தியை. இந்த வலிக்கு அவை பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

மைக்ரோ ஆர்என்ஏ இந்த இடத்தில்தான் வருகிறது. ஏறத்தாழ 22 மரபு எழுத்துகளே நீளமுள்ள இந்த ஆர்என்ஏ துணுக்கை விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 1993இல் ஓர் உருளைப்புழுவில் கண்டறிந்து வெளியிட்டார்கள். 2024இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். இது, மரபணுவின் செய்தியைச் சுமந்துவரும் தூது ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது.

என்னை மிகவும் ஈர்த்தது மைக்ரோ ஆர்என்ஏ-146ஏ. என்எஃப்-கப்பா பி முடுக்கிவிடப்படும்போது இதுவும் கூடவே அதிகமாக உருவாகி, அந்தப் புரதத்தைத் தூண்டிவிடும் ஐராக்1, டிராஃப்6 ஆகிய இரண்டு புரதங்களின் உற்பத்தியையும் குறைக்கிறது. அதாவது, அழற்சி தனக்கான கடிவாளத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நீரிழிவு எலிகளின் நரம்பு முடிச்சுகளில் இது குறைந்திருப்பதையும், வெளியிலிருந்து கொடுத்தபோது அழற்சி தணிந்து நரம்புக் கடத்தல் வேகம் மேம்பட்டதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். மைக்ரோ ஆர்என்ஏ-155 இதற்கு நேரெதிர். அழற்சியை அடக்கும் சாக்ஸ்1 புரதத்தையே அது குறைத்துவிடுகிறது.

எலிக்குப் பலித்தது மனிதருக்கு மருந்தாவது எளிதன்று. ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடக்கூடியது. அதை நரம்பு முடிச்சுக்கு மட்டும் கொண்டுசேர்ப்பதும் கடினம். இன்று கிடைக்கும் பிரகாபலின், டுலாக்ஸெடின் போன்றவை வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றனவே தவிர, பழுதான நரம்பைச் சீராக்குவதில்லை. அம்மா அவற்றில் ஒன்றைத்தான் சாப்பிடுகிறார். தொட்டால் தெரியாத இடத்தில் புண் வந்தாலும் தெரியாது என்பதால், அவர் படுக்கும் முன் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் நாள்தோறும் பார்த்துவிடுகிறேன்.