ஆறு மாசம் ஓடாத வண்டி

பெர்ஃபார்மன்ஸ் காரை மாசக்கணக்கில் நிறுத்தப் போறவங்க பெரும்பாலும் செய்யும் தப்பு, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்தில் ஆஃப் பண்றது. தயவுசெய்து வேண்டாம். ஆயில் முழுசா சூடாகாது. எரியும்போது உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணியா தங்கிடும். ஆயில் ஃபில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கும், அதுதான் இது. ஓட்டினால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்க, இல்லேன்னா தொடவே வேண்டாம்.

நிறுத்தும் முன்னாடியே ஆயில், ஃபில்டர் மாத்திடுங்க. பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் பேரிங்கை அரிக்கும். டேங்கை நிரப்பி, ஃபியூல் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்) ஊத்தி, பத்து நிமிஷமாவது ஓட்டினால்தான் அது இன்ஜெக்டர் வரை போகும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். டேங்கில் காலி இடம் குறைஞ்சா ஈரக்காத்தும் குறையும்.

பேட்டரிக்கு மெயின்டெய்னர் போடுங்க, அதாவது சார்ஜ் குறையும்போது மட்டும் தானா ஏத்திக்கும் கருவி; சாதாரண சார்ஜர் இல்லை. சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் சல்ஃபேஷன் ஆரம்பிக்கும், அதாவது தகடுகளில் சல்ஃபேட் படிஞ்சு பேட்டரி வலுவிழக்கும். லித்தியம்னா அதுக்குரிய மெயின்டெய்னர் மட்டும்தான்.

ஹேண்ட்பிரேக் போடாதீங்க, பிரேக் பேட் ரோட்டரோடு (சக்கரத்தோடு சுத்தும் பிரேக் தட்டு) துருப்பிடிச்சு ஒட்டிக்கும். கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைங்க. டயரில் காத்தை கொஞ்சம் கூடுதலா, பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாம வைங்க.

சைலன்சர் வாயை ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்பு இழைச் சுருள்) வச்சு அடைச்சா எலி நுழையாது. அடைச்சதை ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்க, மறந்துடும்!