தனுஷ்கோடியில் ஒரு சிரட்டைத் தண்ணீர்

"உப்புக் கரிக்காது தம்பி, குடிச்சுப் பாருங்க" என்று அந்த அம்மா சிரட்டையை நீட்டினார். நாலு எட்டு வைத்தால் கடல். மணலில் இடுப்பளவுக்குத் தோண்டிய குழி, அடியில் கொஞ்சமாய்த் தண்ணீர். மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். குடித்தேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைவிட இனிப்பு.

மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதனால்தான் மேலாகத் தோண்டி, ஊற ஊற மொள்கிறார்கள். இந்தப் பொறுமையைப் பார்க்கவே நான் இன்னொரு முறை வருவேன்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ரயில் ஏறியவர்கள் இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் ஆட்களோடு கடலுக்குள் போனது. அதற்கப்புறமும் இங்கே குடிசை போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்கு இந்த ஊற்றுதான் துணை.

எல்லோரும் நிலம் முடிகிற அரிச்சல்முனைக்கு விரைகிறார்கள். 2017-இல் சாலை போட்ட பிறகு வண்டி நேராக அங்கேயே போய்விடுகிறது. நான் சொல்வது, கூரை இல்லாத அந்தப் பழைய தேவாலயத்தில் இறங்கி, சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பாருங்கள். கல் முழுக்கப் பொடிப்பொடிக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் நட்சத்திரம் மாதிரி மெல்லிய கோடுகள். அத்தனையும் பவளப்பாறை. ஒரு குழி ஓர் உயிரின் வீடு. கடலுக்குள்ளிருந்து வெட்டி எடுத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் ஆணியால் பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது.

மறுநாள் பாம்பன் குந்துகாலிலிருந்து படகில் குருசடைத் தீவுப் பக்கம் போனோம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை இப்படி 21 தீவுகள், 1986 முதல் தேசியப் பூங்கா. தெற்கே இருக்கும் இந்த மன்னார் வளைகுடாவை இங்கே ஆண்கடல் என்பார்கள், வடக்கே அலை அடங்கிய பாக் விரிகுடா பெண்கடல். அன்று ஆண்கடலும் அடங்கிக் கிடந்தது. தண்ணீருக்கடியில் பழுப்பும் பச்சையுமாகப் பாறைகள், இடுக்கில் மஞ்சள் மீன்கள். முந்தின நாள் சுவரில் வெள்ளைக் கல்லாகப் பார்த்தது இங்கே உயிரோடு நிறம் காட்டிக்கொண்டிருந்தது. சிலவற்றில் நிறமே இல்லை. கடல் அதிகம் சூடானால் பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளியேறிவிடும், பாறை வெளுத்துவிடும். 2016-இல் இந்தக் கடலில் அப்படி நிறைய வெளுத்தது. உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் அதை வண்டி வண்டியாக வெட்டினார்கள். 2001 முதல் சட்டப்படி புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. கடைகளில் பவளத் துண்டு நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அந்த அம்மா கேட்காமலேயே எங்கள் பாட்டிலையும் நிரப்பிக் கொடுத்திருந்தார். ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன். நல்ல வெயில். அக்காவும் நானும் மாற்றி மாற்றிக் குடித்து, உச்சிப்புளி தாண்டுவதற்குள் பாட்டில் காலி.